கோட்டுக்கு இந்தப் பக்கம்: டாக்ஸி செய்யும்போது ஓடுபாதைக்குள் தவறி நுழையாமல் இருக்கப் பழகும் முறை

ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததிலிருந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து விமானப் பயிற்சிக்குப் போக விரும்பும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் விமானப் பயிற்றுநரான என்னைத் தேடி வருவது கூடியிருக்கிறது. பெற்றோர் கேட்பது பெரும்பாலும் செலவைப் பற்றி. பிள்ளைகள் கேட்பது விமானத்தை இறக்குவது கடினமா, குறுக்குக் காற்று அடித்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரைக்கும் விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வதைப் பற்றி, அதாவது டாக்ஸி செய்வதைப் பற்றி, இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பன்னிரண்டு வயதில் டிராக்டர் ஓட்டிப் பழகிய பையனுக்கு, மூன்று சக்கரத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் நகரும் ஒரு சிறு விமானம் பெரிய காரியமாகத் தோன்றாதுதான். ஆனால் விமான விபத்துகளிலேயே அதிகம் பேர் இறந்த விபத்து வானத்தில் நடந்ததன்று. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரீஃப் தீவில், மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 பயணிகள் விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தார்கள். ஒன்று புறப்பட ஓடிக்கொண்டிருந்தது. மற்றொன்று டாக்ஸி செய்துகொண்டிருந்தது.

விமானமோ வண்டியோ ஆளோ, அந்த நேரத்தில் இருக்கக் கூடாத ஒன்று ஓடுபாதையின் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தால், அதை ரன்வே இன்கர்ஷன் என்று விமானத் துறையில் சொல்வார்கள். நாம் ஓடுபாதை அத்துமீறல் எனலாம். மோதல் நடந்தால்தான் அத்துமீறல் என்பதில்லை. ஓடுபாதை காலியாகக் கிடந்தாலும், உங்கள் மூக்குச் சக்கரம் அனுமதியின்றி நிறுத்தக் கோட்டைத் தாண்டினால் அது அத்துமீறல்தான். (ஆடு நுழைந்தால் இந்தக் கணக்கில் வராது, அது விலங்கு அபாயம் என்ற வேறு கணக்கு. ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.) 2020 பிப்ரவரியில் புனே விமான நிலையத்தில் ஏர் இந்தியாவின் ஏ321 ஒன்று புறப்பட ஓடிக்கொண்டிருந்தபோது ஓடுபாதையில் ஒரு ஜீப்பும் ஓர் ஆளும் தென்பட, விமானி விமானத்தை முன்கூட்டியே தூக்க நேர்ந்து, அதன் வால்புற அடிப்பகுதி சேதமடைந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் பறக்க அனுமதி பெற்ற மூன்றாம் வாரம் அது. டாக்ஸி செய்துகொண்டிருந்தபோது, தொடையில் கட்டியிருந்த அட்டையிலிருந்து பேனா நழுவி, விமானத்தைத் திருப்பக் காலால் அழுத்தும் ரடர் மிதிக்கு அருகில் உருண்டது. மிதிக்கு அடியில் பேனா சிக்கினால் ஆபத்து என்பது மனதில் இருந்தது; விமானம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது மனதில் இல்லை. குனிந்து, இருக்கைப் பட்டை இழுத்ததால் ஒரு முறை தவறவிட்டு, மறுபடி குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். ஓடுபாதை எண் எழுதிய சிவப்புப் பலகை என் இடப்பக்க இறக்கைக்குப் பின்னால் இருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரிலிருந்து நிற்கச் சொன்ன குரலும், இறங்க வந்த விமானத்தை மறுபடி மேலே ஏறச் சொன்ன குரலும் அடுத்தடுத்து வந்தன. பயிற்றுநர் அன்று சத்தம் போடவில்லை. கரும்பலகையில் நிறுத்தக் கோட்டை வரையச் சொன்னார். நான் ஒற்றைக் கோடு வரைந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

கோடும் பலகையும்

ஆகவே கோட்டிலிருந்தே தொடங்குகிறேன். டாக்ஸி செய்யும் பாதையான டாக்ஸிவேயில் வரையப்பட்டவை மஞ்சள் நிறம். ஓடுபாதையில் வரையப்பட்டவை வெள்ளை. டாக்ஸிவேயின் நடுவில் செல்லும் ஒற்றை மஞ்சள் கோட்டின் மேல் மூக்குச் சக்கரத்தை வைத்துச் செல்கிறோம். ஓடுபாதையை நெருங்கும்போது அதற்குக் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் வரும்: இரண்டு முழுக் கோடுகள், அவற்றுக்கு அப்பால் இரண்டு விட்டுவிட்டு வரும் கோடுகள். முழுக் கோடு முதலில் வந்தால் நீங்கள் ஓடுபாதைக்கு வெளியே இருக்கிறீர்கள். அனுமதி இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது. விட்டுவிட்டு வரும் கோடு முதலில் வந்தால் ஓடுபாதையிலிருந்து வெளியேறுகிறீர்கள். நிற்காமல் நான்கையும் தாண்டி, வால் முழுவதும் வெளியே வந்த பிறகே நிற்க வேண்டும். இந்தக் கோடு ஓடுபாதையை ஒட்டி இருக்காது. கருவிகளின் உதவியுடன் விமானங்கள் இறங்கும் பெரிய ஓடுபாதைகளில், அதன் நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளியே பொதுவாக இருக்கும். ஓடுபாதை இன்னும் தொலைவில் இருக்கிறதே என்று கண்ணை நம்பி நகர்கிறவர்கள் கோட்டைத் தவறவிடுவது இதனால்தான்.

கோட்டின் பக்கத்தில் நிற்கும் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் எண் இருக்கும். நமக்குப் பக்கத்திலுள்ள சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதை 04-22. ஒரு பலகையில் 04 இடப்பக்கமும் 22 வலப்பக்கமும் எழுதியிருந்தால், 04 தொடங்கும் முனை உங்களுக்கு இடக்கைப் பக்கம் என்று பொருள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, நீங்கள் எந்த டாக்ஸிவேயில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, எது எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்லும். இரவில் டாக்ஸிவேயின் ஓரம் நீலம், நடுக்கோட்டு விளக்கு இருக்குமானால் அது பச்சை, ஓடுபாதையின் ஓரம் வெள்ளை. கோட்டின் இரு பக்கமும் மாறி மாறி மினுக்கும் மஞ்சள் விளக்குகள் ஓடுபாதை அருகில் என்று எச்சரிப்பவை. குறுக்கே வரிசையாக எரியும் சிவப்பு விளக்குகளுக்கு ஸ்டாப் பார் என்று பெயர். அவை எரிந்துகொண்டிருக்கும்வரை, டவர் வாயால் அனுமதி கொடுத்திருந்தாலும் தாண்டக் கூடாது, விளக்கு எரிகிறது என்று சொல்லிக் கேட்க வேண்டும். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது கேட் கீப்பர் வாயால் போகச் சொன்னாலும், கேட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்பதுபோல.

களத்தில் கோலப்பொடி

வரைபடத்தைப் பார்த்து மனத்தில் பதிய வைப்பது பலருக்கு வருவதில்லை. காலுக்கு வந்தால் மனத்துக்கும் வந்துவிடுகிறது. பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருவர் செய்துகாட்டிய முறையை இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் விமான நிலையங்களின் தரை வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அவர் சென்னையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டார். அங்கே 07-25, 12-30 என்ற இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் பழகுவதற்கு அதைவிட நல்ல படம் அருகில் கிடையாது. கேழ்வரகு அடித்து முடித்துச் சும்மா கிடந்த களத்தில், கோலப்பொடியால் அவருடைய ஆயா ஓடுபாதைகளை இழுத்துக் கொடுத்தார். டாக்ஸிவேக்களுக்கு மஞ்சள் தூள் கலந்த மாவு. பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி, களத்து ஓரப் புளியமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து டவர் ஆனான். அக்கா கையில் வரைபடத்துடன் நடக்க, தம்பி தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் உத்தரவு கொடுத்தான்.

நான் போயிருந்த அன்று, ஒரு குறிப்பிட்ட டாக்ஸிவே வழியாகச் சென்று 12 ஓடுபாதைக்கு முன்னே நிற்கும்படி அவன் சொன்னான். மாணவி “ரோஜர்” என்று சொல்லி நடந்தார். “அக்கா, நில்லு. ரோஜர்னா கேட்டுச்சுன்னு அர்த்தம். என்ன கேட்டுச்சுன்னு சொல்லு,” என்றான் தம்பி. மறுபடி நிறுத்துமிடத்திலிருந்து நடக்க வைத்தான். இதைவிடச் சுருக்கமாக, உத்தரவைத் திருப்பிச் சொல்லும் ரீட்பேக்கின் பொருளை நான் வகுப்பில் சொன்னதில்லை.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. வழியில் எத்தனை ஓடுபாதைகளைக் கடக்கிறோம், எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறோம், திரும்பிய பிறகு சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். வரைபடத்தில் ஹாட் ஸ்பாட் என்று வட்டமிட்ட இடங்கள் இருந்தால், முன்பு பலர் குழம்பிய, அல்லது குழம்ப வாய்ப்புள்ள இடங்கள் அவை. அங்கே சென்றதும் நின்று சுற்றும் பார்க்கப் பழக வேண்டும். மெய்யாகவே பறக்கப் போகிற நாளில், எந்த டாக்ஸிவே மூடியிருக்கிறது, எங்கே வேலை நடக்கிறது என்று நோட்டாம் அறிவிப்புகளைப் படித்து அந்தப் படத்தின் மேலேயே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். எஞ்சினைத் துவக்கிய பிறகு படிக்கிற நோட்டாம், பரீட்சை மணி அடித்த பிறகு திறக்கிற பாடப்புத்தகம்.

“சரிங்க சார்”

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் காணும் பெரிய குறை ஆங்கிலக் குறையன்று. பன்னாட்டு அளவில் விமானிக்கு வேண்டிய ஆங்கிலத் தகுதி நான்காம் நிலை. தமிழ்வழியில் படித்தவர்களும் ஓராண்டு உழைத்தால் அதைப் பெற்றுவிடுகிறார்கள். குறை மரியாதையில் இருக்கிறது. பெரியவர் ஒன்று சொல்லி அது சரியாகக் காதில் விழாவிட்டால், திரும்பக் கேட்பது அவரை அலைக்கழிப்பதாகும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அரைகுறையாகக் கேட்டுவிட்டு “சரிங்க சார்” என்கிறோம். டவரில் இருப்பவர் முகம் தெரியாத அதிகாரி. குரலில் அவசரம் இருக்கும். பின்னால் மூன்று விமானங்கள் காத்திருக்கும். அந்த நேரத்தில் “சே அகெய்ன்” (மறுபடி சொல்லுங்கள்) என்ற இரண்டு சொல் தொண்டையைவிட்டு வருவதில்லை. வர வேண்டும். வராவிட்டால் விமானத்தை நகர்த்தாதீர்கள். நிற்கிற விமானத்தைப் பற்றி யாரும் விசாரணை நடத்துவதில்லை.

மேலிருப்பவரை மறுத்துப் பேசத் தயங்குவது நமக்கு மட்டும் உரிய குணம் என்று எண்ணிவிட வேண்டாம். டெனெரீஃபில் புறப்பட ஓடிய கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, அந்த நிறுவனத்தில் 747 ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்குத் தலைவராக இருந்தவர். புறப்பாட்டுக்குப் பின் செல்ல வேண்டிய வழிக்கான அனுமதி மட்டுமே வந்திருந்தது. புறப்படும் அனுமதி வரவில்லை. டாக்ஸி செய்துகொண்டிருந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையைவிட்டு இன்னும் விலகவில்லையா என்று பின்னிருக்கையிலிருந்த விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாக விடை வந்தது. அவர் மேலே பேசவில்லை. டவர் காத்திருக்கச் சொன்னதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் சொன்னதும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பானதால் கே.எல்.எம். அறையில் கீச்சொலியாகவே கேட்டன. அந்த விபத்துக்குப் பிறகுதான், “டேக் ஆஃப்” என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் மட்டுமே பயன்படுத்துவது, மற்ற இடங்களில் “டிபார்ச்சர்” என்பது என்ற வழக்கம் நிலைபெற்றது.

ஓடுபாதைக்கு முன்னே நில், ஓடுபாதையைக் கட, ஓடுபாதையில் நுழைந்து நில், ஓடுபாதையிலேயே திரும்பி வா, புறப்படு, இறங்கு ஆகிய ஒவ்வோர் உத்தரவையும், ஓடுபாதை எண்ணோடும் உங்கள் விமானத்தின் அழைப்புப் பெயரோடும் முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் எழுதுங்கள், எழுதியதைப் பார்த்துச் சொல்லுங்கள், நினைவிலிருந்து சொல்லாதீர்கள். சொன்ன பிறகு, அதில் ‘நுழை’, ‘கட’, ‘புறப்படு’ என்ற மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று ஒரு நொடி தாளைப் பாருங்கள். இந்த ஒரு நொடியைச் சேர்க்கக் காரணம் டோக்கியோவின் ஹானெடா விமான நிலையம். 2024 ஜனவரி 2 மாலை, கடலோரக் காவல்படை விமானம் ஒன்றுக்கு, புறப்பாட்டு வரிசையில் முதலாவது என்று சொல்லி, சி5 நிறுத்துமிடம் வரை டாக்ஸி செய்ய உத்தரவு வந்தது. விமானி அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார். ஆனால் மனம் ‘முதலாவது’ என்பதைப் பிடித்துக்கொள்ள, விமானம் ஓடுபாதைக்குள் சென்று நின்றுவிட்டது. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மேல் மோதியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். வாய் சரியாகச் சொன்னதால் மனமும் சரியாகக் கேட்டது என்று ஆகிவிடாது.

தலை குனிய வேண்டுமானால் சக்கரம் நிற்க வேண்டும்

கவனச் சிதறல் என்றதும் கைபேசிதான் நினைவுக்கு வரும். அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிடலாம், எளிது. விமானியின் கவனத்தை உண்மையில் திருடுபவை கடமை வேடத்தில் வருகின்றன: செக்லிஸ்ட், அலைவரிசை மாற்றுவது, வரைபடத்தைப் புரட்டுவது, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்ற சந்தேகம், என் கதையில் வந்த பேனா. இவற்றில் எதையும் வேண்டாமென்று தள்ள முடியாது. ஆகவே நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: ஒரு பார்வையில் முடியாத எந்த வேலைக்கும் விமானத்தை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, பிறகே குனிய வேண்டும். வழியை அடைத்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றினால், தரைப் போக்குவரத்தைக் கவனிக்கும் கிரவுண்ட் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லிவிடலாம். இருவர் ஓட்டும் விமானத்தில், ஒருவர் குனிவதற்கு முன் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் பார்வை வெளியில் இருக்க வேண்டும். ஓடுபாதையைக் கடக்கும்போது இருவருமே வெளியில்தான் பார்க்க வேண்டும்.

பார்க்கிங் பிரேக்கையும் முழுதாக நம்பாதீர்கள். புறப்படுவதற்கு முன் எஞ்சினை நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு ஏற்றி, தீப்பொறி தரும் மேக்னெட்டோவைச் சோதிக்கும்போது, பிரேக் பிடிப்பு தளர்ந்திருந்தால் செஸ்னா பயிற்சி விமானம் அங்குலம் அங்குலமாக முன்னே நகரும்; கண் எஞ்சின் மீட்டரில் இருப்பதால் தெரியாது. ரன்-அப் எனப்படும் இந்தச் சோதனையைத் தொடங்குமுன், இறக்கையைத் தாங்கும் கம்பிக்கு நேராகத் தரையில் ஒரு விளக்கையோ புல் திட்டையோ குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணையும் படித்தபின் அதைப் பாருங்கள். கம்பியும் குறியும் விலகினால் எஞ்சினைக் குறையுங்கள், பிரேக்கை மிதியுங்கள்.

பேச்சு மற்றொன்று. 1974இல் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, விமானிகள் வேலைக்குத் தொடர்பில்லாமல் பேசிக்கொண்டு தரையை நெருங்கிய வேளையில் விழுந்து 72 பேர் இறந்தார்கள். அது போன்ற விபத்துகளின் விளைவாக 1981இல் அந்நாடு ஸ்டெரைல் காக்பிட் விதியைக் கொண்டுவந்தது: 10,000 அடிக்குக் கீழும், டாக்ஸியின்போதும், வேலைக்கு வேண்டாத பேச்சும் செயலும் கூடாது. விதி இருந்தும், 2006 ஆகஸ்ட் 27 விடியுமுன் லெக்சிங்டனில் காம்ஏர் 5191 விமானிகள் டாக்ஸியின்போது வேறு பேச்சில் இருந்தார்கள். 22 ஓடுபாதைக்குப் போக வேண்டியவர்கள், வழியில் வந்த 26இல் திரும்பி ஓடத் தொடங்கினார்கள். அது பாதி நீளமே உள்ள, விளக்கெரியாத ஓடுபாதை. 50 பேரில் துணை விமானி ஒருவரே பிழைத்தார். பயிற்சி விமானத்தில் இந்த விதியைப் பெரும்பாலும் மீறுபவர் பயிற்றுநர்தான், நானும் மீறியிருக்கிறேன். முந்தைய தவறை டாக்ஸியின்போதே விளக்கத் தொடங்கிவிடுவோம். “சார், பார்க்கிங் போனதும் பேசலாங்க சார்,” என்று மாணவர் சொல்லலாம். மரியாதை எங்கும் குறைந்துவிடாது.

வழி தவறினால்

டாக்ஸிவேயில் இருக்கும்போது எங்கே இருக்கிறோம் என்ற ஐயம் வந்தால் உடனே நின்று, தெரியவில்லை என்று டவரிடம் சொல்லுங்கள். ஓடுபாதையின் மேலேயே இருக்கலாம் என்ற ஐயம் வந்தால் நிற்கக் கூடாது. அதைச் சொல்லிக்கொண்டே அருகிலுள்ள வழியில் வெளியேற வேண்டும். எதிரில் காணும் பலகையில் உள்ளதை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லுங்கள். அவர் பதில் தயங்கினாலோ, நீங்கள் சொன்ன இடம் அவருக்குப் புரியவில்லை என்று பட்டாலோ நகர வேண்டாம். 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாட்டே விமான நிலையத்தில், மூடுபனியில், ஆர்5 வழியில் போகச் சொல்லப்பட்ட சிறு செஸ்னா ஜெட் ஆர்6இல் சென்றது. அதன் விமானி எஸ்4 என்ற தரைக் குறியைச் சொன்னார். அந்தக் குறி எங்கே இருக்கிறது என்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்திருக்கவில்லை. தரை ரேடாரும் இயங்கவில்லை. புறப்பட ஓடிவந்த எஸ்.ஏ.எஸ். விமானத்தின் எதிரில் அது சென்றுவிட, இரண்டும் மோதின. இறந்தவர்கள் 118 பேர்.

நுழையும்போதும் வெளியேறும்போதும்

ஓடுபாதையில் நுழைய அனுமதி கிடைத்தபின் கோட்டைத் தாண்டுமுன், இறங்கும் பக்கத்தையும் ஓடுபாதையின் மறுமுனையையும் கண்ணால் பாருங்கள். வெளிவிளக்குகள் அனைத்தையும் போடுங்கள். சிவப்புப் பலகையில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். நுழைந்து நேரான பிறகு திசைகாட்டியைப் பாருங்கள். ஓடுபாதை எண் அதன் திசைப் பாகையைப் பத்தால் வகுத்தது. 04 என்றால் 40 பாகைக்கு அருகில் காட்ட வேண்டும். லெக்சிங்டனில் 22க்கும் 26க்கும் உள்ள வேறுபாட்டைத் திசைகாட்டி காட்டியிருக்கும். இணை ஓடுபாதைகளில் இது உதவாது: 2000 அக்டோபர் 31 இரவு, புயல் மழையில், தைபேயில் 05 இடதுக்குப் பதிலாக, கட்டுமான வேலைக்காக மூடப்பட்டிருந்த 05 வலதில் ஓடிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் 83 பேர் இறந்தார்கள். பெங்களூரும் 09 இடது, 09 வலது என்று இணை ஓடுபாதைகள் கொண்டதுதான். அங்கே எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்து காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒன்றரை நிமிடமாகியும் குரல் வராவிட்டால், உங்களை மறந்திருக்கக்கூடும்; நீங்களே கூப்பிட்டு நினைவூட்டுங்கள்.

இறங்கிய பிறகுதான் உடல் தளரும், கை தானாக, இறக்கையின் பின்புற மடிப்புகளான ஃபிளாப்பை இயக்கும் நெம்புகோலுக்குப் போகும். விட்டுவிட்டு வரும் கோடுகளையும் முழுக் கோடுகளையும் வால் தாண்டும்வரை கையைத் தொடையில் வையுங்கள். தாண்டி நின்றபின் ஃபிளாப், விளக்கு, அலைவரிசை, இந்த வரிசையில். நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் இன்னோர் ஓடுபாதை குறுக்கிட்டால், வரும்போது அதைக் கடக்கக் கிடைத்த அனுமதி போகும்போது செல்லாது, புதிதாகக் கேளுங்கள். பென்னாகரத்து மாணவி இப்போது தனியாகப் பறக்கிறார். அன்றன்று டவரைத் திரும்பக் கேட்ட உத்தரவுகளை மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, மாலையில் தம்பிக்கு அனுப்புகிறார். அவன் அவற்றைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்கிறான்.